பழைய காரில் சூடு ஏறுகிறதா? எப்போது ஏறுகிறது என்று முதலில் பாருங்கள்

சிங்கப்பூரில், 2009ல் பதிவான ஒரு ஜப்பானிய செடான் ஓட்டுகிறேன். பத்து வருடம் முடிந்ததும் 2019ல் சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்தேன். போன தீபாவளிக்கு முந்தின வாரம் ஜொகூர் போகும் வழியில், கடற்பால நெரிசலில் நின்றிருந்தபோது டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் நடுக்கோட்டைத் தாண்டி மேலே போனது. ஏர்கானிலும் அனல் காற்று. நெரிசல் விலகி வண்டி ஓடத் தொடங்கியதும் முள் தானாக இறங்கிவிட்டது. திரும்பி வந்து ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டேன், ரேடியேட்டர் போய்விட்டது என்றார்கள், 400 வெள்ளிக்கு மேல் கொடுத்து மாற்றினேன். இரண்டே வாரத்தில் அதே கதை. கடைசியில் பார்த்தால் ரேடியேட்டருக்குக் காற்றடிக்கும் ஃபேனை இயக்கும் ரிலே (மின் சுவிட்ச்), தீப்பெட்டியில் பாதி அளவுதான் இருக்கும், அதுதான் பழுது.

நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது என்ற ஒரு தகவலே ரேடியேட்டரைவிட ஃபேன் பக்கம்தான் கையைக் காட்டியது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வழியில் முள் ஏறினால்

ஏர்கானை நிறுத்துங்கள். உங்கள் வண்டியில் ஹீட்டர் இருந்தால் அதை முழுச் சூட்டில் வைத்து ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள், இன்ஜின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். அப்புறம் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான், வீடு வந்துடும்" என்று ஓட்டவே ஓட்டாதீர்கள், அந்த இரண்டு கிலோமீட்டரில் சிலிண்டர் ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) வளைந்துபோகலாம். விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஈமாஸ் மீட்பு வண்டி வந்து, அருகில் இதற்கென ஒதுக்கிய கார்பார்க் வரை இலவசமாக இழுத்துச் சென்று விடும். நீங்கள் தடுப்புக் கம்பிக்குப் பின்னால் போய் நில்லுங்கள்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் தொடவே கூடாது. உள்ளே இருக்கும் திரவம் 100 டிகிரிக்கு மேல் இருந்தும் அழுத்தத்தால்தான் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகிய நொடியில் அது கொதித்து முகத்தில் அடிக்கும். குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸை (ரப்பர் குழாய்) கையால் அமுக்கிப் பாருங்கள், ஆறி, தொளதொளவென்று இருந்தால்தான் மூடியில் கை வைக்கலாம், அதுவும் தடித்த துணி போட்டு.

எப்போது ஏறுகிறது?

இதை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

சிக்னலிலும் நெரிசலிலும் மட்டும் ஏறினால் ஃபேன். பிஐஇ விரைவுச்சாலையில் 90ல் போகும்போது ஏறி, மெதுவாகப் போனால் இறங்கினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது வாட்டர் பம்ப். காலையில் கிளப்பிய சில நிமிடங்களிலேயே சரசரவென்று ஏறினால் தெர்மோஸ்டாட் (சூடானதும் குளிர்விக்கும் திரவத்துக்கு வழிவிடும் வால்வு) மூடியபடி சிக்கியிருக்கலாம், இல்லை அந்தத் திரவமான கூலன்ட்டே இல்லாமல் இருக்கலாம். எந்த நேரத்திலும் ஏறி, வாராவாரம் தண்ணீரும் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது.

இன்னொரு விஷயம். பல கார்களில் அந்த முள் உண்மையான சூட்டை அப்படியே காட்டாது, நடுவில் அசையாமல் நின்றுவிட்டு, நிலைமை மோசமான பிறகுதான் நகரும்படி அமைத்திருக்கிறார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகும் சின்ன ப்ளூடூத் கருவி ஒன்று வாங்கினால் கைப்பேசியிலேயே டிகிரி தெரியும். பெரும்பாலான வண்டிகளில் 85 முதல் 100 வரை சாதாரணம்.

ஆறிய வண்டியில் கூலன்ட் அளவும் நிறமும்

காலையில், கிளப்பும் முன் பாருங்கள். ரிசர்வ் டாங்கியில் அளவு சரியாக இருந்தாலும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளேயும் பார்க்க வேண்டும், ஏனென்றால் மூடி பழுதானால் டாங்கி நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். பச்சையோ இளஞ்சிவப்போ தெளிவாக இருந்தால் நல்லது. துருப்பிடித்த பழுப்பு என்றால் பல வருடம் வெறும் குழாய்த் தண்ணீரில் ஓடியிருக்கலாம். தே தாரிக் மாதிரி பால் கலந்த நிறத்தில் எண்ணெய் மிதந்தால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) பக்கம் சந்தேகம் போக வேண்டும்.

"இங்கேதான் பனிக்காலமே இல்லையே, தண்ணீர் போதும்" என்று நம் ஊரில் பலர் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். கூலன்ட் கொதிநிலையை உயர்த்துகிறது, அலுமினியம் அரிக்காமல் காக்கிறது. நம் வெயிலிலும் நெரிசலிலும் இரண்டுமே தேவை.

மூடியைக் கழற்றிய கையோடு அதன் ரப்பரைப் பாருங்கள். மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 போல ஓர் எண் அச்சிட்டிருக்கும், அது தாங்கும் அழுத்தம். ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ அழுத்தம் நிற்காது, கூலன்ட் சீக்கிரமே கொதிக்கும். அதே எண் உள்ள புதிய மூடியை வாங்கிப் போடுங்கள், இந்த வேலையில் மிகவும் மலிவான பாகம் இதுதான்.

கசிவு

இரவு வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் விழுந்த துளி தெளிவாக, வாசனை இல்லாமல் இருந்தால் அது ஏர்கான் தண்ணீர், கவலை வேண்டாம். நிறத்தோடும் வழவழப்போடும், இனிப்பு வாசனையோடும் இருந்தால் கூலன்ட். அட்டையில் விழுந்த இடத்திலிருந்து மேலே டார்ச் அடித்துத் தேடுங்கள்: ஹோஸ் முனைகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலைப்பகுதி (பழைய வண்டிகளில் இது நிறம் மங்கி, மயிரிழை போல வெடிக்கும்), வாட்டர் பம்ப்பின் சிறு துளை. காய்ந்த வெள்ளைப் படிவமோ இளஞ்சிவப்புப் படிவமோ தெரிந்தால் அதுதான் இடம். காருக்குள் முன்சீட்டுக் காலடி விரிப்பு ஈரமாக, வழவழப்பாக இருந்தால் ஹீட்டர் பக்கம் கசிகிறது.

ஃபேன்

கார்பார்க்கின் திறந்த மேல்தளத்துக்குப் போங்கள், மூடிய தளத்தில் புகை சேரும். கிளப்பி ஏர்கானைப் போடுங்கள். அநேக வண்டிகளில் உடனே ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா? பானெட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியின் மூடியில் எது எது எங்கே என்று படம் இருக்கும். முதலில் ஃபியூஸ். அப்புறம் இன்ஜினை அணைத்துவிட்டு, ஃபேன் ரிலேயைப் பிடுங்கி, அதே எண் உள்ள இன்னொரு ரிலேயை, ஹார்ன் ரிலே பெரும்பாலும் ஒத்துவரும், அங்கே செருகிப் பாருங்கள். என் வண்டியில் ஹார்ன் ரிலேயை மாற்றிச் செருகி, மறுபடி கிளப்பி ஏர்கானைப் போட்ட அடுத்த நொடி ஃபேன் "விர்ர்" என்று கிளம்பியது. பிடுங்கிய ரிலேயின் ஒரு கால் கருகி, நீலம் பாய்ந்திருந்தது. ரிலேயும் சரி என்றால் மோட்டார், ஒயர் அல்லது சூடு உணரும் சென்சார். கை விரல்களைத் தள்ளியே வையுங்கள், சில வண்டிகளில் இன்ஜின் அணைந்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும்.

தெர்மோஸ்டாட்

முள் ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் ரேடியேட்டரோடு சேரும் ஹோஸ்களில் ஒன்று மட்டும் சில்லென்று இருக்கிறது என்றால் வால்வு திறக்கவில்லை. கழற்றியதை அடுப்பில் தண்ணீர்ப் பாத்திரத்தில், அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, சமையல் தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்குங்கள். அதன் மேல் 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டருகே மெதுவாக வாய் திறக்க ஆரம்பிக்க வேண்டும், தண்ணீர் கொதிக்கும்போது நன்றாகத் திறந்திருக்க வேண்டும். (இதற்கென்று ஒரு பழைய பாத்திரம், சமையலுக்கு மறுபடி வேண்டாம்.) தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டே ஓட்டலாம் என்பார்கள், அது மருந்தல்ல, இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் எண்ணெயும் பெட்ரோலும்தான் வீணாகும்.

ஹெட் கேஸ்கெட்

மேலே உள்ள எல்லாம் சரி, கசிவும் இல்லை, ஆனாலும் கூலன்ட் குறைகிறதா? ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்துவைத்துக் கிளப்புங்கள். விடாமல் குமிழ் வந்துகொண்டே இருந்தால், அல்லது மூடியைப் போட்டுக் கிளப்பிய ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் போல இறுகினால், எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் நுழைகிறது. இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலும் அப்படித்தான். வொர்க்ஷாப்கள் நிறைந்த சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ வண்டியைக் கொடுக்கும்போது, நீல நிறத் திரவம் வைத்துச் செய்யும் பிளாக் சோதனையைக் கேளுங்கள். திரவம் மஞ்சளானால் சந்தேகமே இல்லை. அதற்கு முன் யார் சொன்னாலும் ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள்.

திரும்ப நிரப்பும்போது

வடித்த கூலன்ட்டைக் கால்வாயில் ஊற்றக் கூடாது. நம் வடிகால்களில் பல, நாம் குடிக்கும் நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகின்றன. புளோக்கின் கீழே திரியும் பூனைகளுக்கும் அது கொடிய விஷம். கேனில் பிடித்து வொர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, மூடியைத் திறந்து, மெதுவாக ஊற்றுங்கள். ஹீட்டரைச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓடவிட்டால் காற்று குமிழ் குமிழாக வெளியேறும், அளவு இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். குமிழ் நின்றதும் மூடிவிட்டு ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும் வரை பக்கத்திலேயே இருங்கள். மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் திறந்து பார்த்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்புங்கள். மூன்றாம் நாளும் இறங்கினால் அட்டையை எடுத்து மறுபடி வண்டிக்கு அடியில் விரியுங்கள்.