டெல்டாப் பேச்சில் ஒரு வினைச்சொல் உருபாவதைப் பதிவுசெய்வது எப்படி?

தஞ்சை வட்டாரப் பேச்சு முழுவதையும் பிடித்துவிடலாம் என்று கிளம்பினால் கையில் ஒன்றும் தேறாது. ஒரே ஒரு வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்குவதற்கு 'கொள்' நல்லது. 'பேசிக்கொண்டிருந்தார்' என்று எழுதுவதைக் கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் 'பேசிக்கிட்டிருந்தாரு' என்பார்கள், அக்ரகாரத்தில் 'பேசிண்டிருந்தார்'. தனிவினை இப்படித் தேய்ந்து உருபாவதற்கு, அதாவது இன்னொரு சொல்லோடு ஒட்டி இலக்கண வேலை மட்டும் செய்யும் துண்டாவதற்கு, 1912இல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே. தமிழில் இலக்கணமயமாதல் என்கிறோம்.

ஒலிப்பதிவுக்கு முன் இரண்டு சோதனைகள். முதலாவது பொருள். 'நெல்லை வாங்கிக்கிட்டான்' என்பதில் 'தனக்காக' என்ற பழைய பொருள் இன்னும் இருக்கிறது. 'மழை பேஞ்சுக்கிட்டிருக்கு' என்பதில் அது இல்லை, தொடர்ச்சி மட்டும்தான். மழை தனக்காக எதையும் கொள்வதில்லையே. இவ்விரண்டையும் தனித்தனிப் பத்தியில் குறியுங்கள். கலந்து எண்ணினால் கணக்கு கெட்டது. இரண்டாவது, இடையில் சொல் நுழைகிறதா என்று பார்ப்பது. 'பேசிக்கிட்டேதான் இருந்தான்' சரி. 'பேசியே கிட்டிருந்தான்' என்று யாரும் சொல்வதில்லை. ஆக 'பேசி'க்கும் 'கிட்டு'க்கும் இடையிலான இணைப்பு இறுகிவிட்டது, 'இரு'வுக்கு முந்தைய இணைப்பு இன்னும் இறுகவில்லை.

ஆட்கள்: 18–30, 40–55, 65க்கு மேல் என மூன்று வயதுக்குழு, குழுவுக்கு நான்கு பேராவது, பாதிப்பேர் பெண்கள். ஊரும் சமூகமும் படிப்பும் கூடியவரை ஒத்திருக்கட்டும். பெரியவர்களை அக்ரகாரத்திலும் இளையவர்களை வேறு தெருவிலும் பிடித்தால், தெரியும் வேறுபாடு காலத்தால் வந்ததல்ல, தெருவால் வந்தது. வாழும் தலைமுறைகளை ஒப்பிட்டே மாற்றத்தைக் காணலாம் என்பதை மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1963இல் அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவு ஆய்வில் காட்டினார்.

குறுவை நடவு, சம்பா அறுப்பு நாட்களில் போகாதீர்கள். யாரும் உட்கார மாட்டார்கள். வேவ் கோப்பு, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில். மின்விசிறியை நிறுத்துங்கள், மோட்டார் ஓடும் கொட்டகைப் பக்கம் வேண்டாம். சம்மதத்தை முதலிலேயே பதிவுசெய்யுங்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது கேள்வியில்தான். 'இதை எப்படிச் சொல்வீங்க?' என்று கேட்டால் பள்ளிக்கூடத் தமிழ் வரும். 'அப்ப என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க?' என்றால் தேடும் வடிவத்தை நீங்களே ஊட்டிவிட்டீர்கள். நாகை, திருவாரூர்ப் பக்கம் '2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்ச ராத்திரி எப்படிப் போச்சு?' என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஓடு பறந்ததையும் தென்னை சாய்ந்ததையும் சொல்லும் வேகத்தில் மைக் மறந்துபோகும். தொடர்வினைகளும் தாமாகவே வரும். ஆனால் இழப்பைக் கிளறும் கேள்வி இது. முகம் மாறினால் பேச்சை மாற்றிவிடுங்கள். முதல் பத்து நிமிடத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எழுத்தில் இறக்கும்போது கை தானாகத் திருத்தும்: காது 'கிட்டு' என்று கேட்டாலும் விரல் 'கொண்டு' என்று தட்டும். மறுநாள் ஒருமுறை கேட்டுச் சரிபாருங்கள். ஒருவர் பேச்சில் இவ்வடிவம் வரும் இருபது இடங்களாவது கிடைத்தால்தான் விழுக்காடு போடலாம்.

இளையவர்களிடம் 'ண்டு' குறைவாக இருந்தால் உடனே 'அழிகிறது' என்று எழுதிவிடாதீர்கள். வீட்டில் ஒன்று, கல்லூரியில் ஒன்று என்று பேசுபவர்கள் உண்டு. அதே ஆளை அவர் பாட்டியோடு பேசவிட்டு இன்னொரு முறை பதியுங்கள்.

பழைய சான்றுக்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இருக்கின்றன. இன்றைய பேச்சில் உள்ள 'குடு', பதினோராம் நூற்றாண்டுத் தொடக்கத்து இராசராசன் கல்வெட்டிலேயே 'அக்கன் குடுத்தனவும்' என்று நிற்கிறது. அதை இக்காலத்துச் சிதைவு என்று சொல்ல முடியாது. மறுபக்கம், ஒரு வடிவம் கல்லில் இல்லை என்பதால் அது அன்று வாயிலும் இல்லை என்று ஆகாது. கல்வெட்டு ஆவண நடையில் வெட்டப்பட்டது. தெருவில் பேசியதில் அதற்குள் நுழைந்தது கொஞ்சம்தான்.