செயற்கை இதய வால்வில் இரத்தம் உறையாமல் காத்துக்கொள்வது எப்படி?

இயந்திர வால்வு பொருத்திக்கொண்டவர் வீடு திரும்பும்போது அவர் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு மருந்துச் சீட்டும் அடுத்த பரிசோதனைக்கான தேதியும்தான். அந்த மாத்திரையை ஏன் ஒரு நாளும் விடக்கூடாது, அந்தத் தேதியை ஏன் தள்ளிப்போடக்கூடாது என்பது வால்வுக்குள் இரத்தம் ஓடும் விதம் தெரிந்தால்தான் மனத்தில் பதியும். ஆகவே செய்ய வேண்டியவற்றைச் சொல்வதற்கு முன் அந்த ஓட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இக்குறிப்பு மருத்துவரின் அறிவுரைக்கு மாற்றாகாது. அவரிடம் சரியான கேள்வியைக் கேட்க உதவினால் அதுவே போதும்.

1960-இல் புழக்கத்துக்கு வந்த ஸ்டார்-எட்வர்ட்ஸ் வால்வில் ஒரு சிறு பந்து கூண்டுக்குள் மேலும் கீழும் நகர்ந்தது. இரத்தம் அந்தப் பந்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்ததால் அதன் பின்னால் சுழல்கள் உண்டாயின. இன்று பரவலாகப் பொருத்தப்படும் இயந்திர வால்வில் ஒரு வளையத்துக்குள் இரண்டு அரைவட்டத் தகடுகள் உள்ளன. அவை திறக்கும்போது இரத்தம் இரு ஓரங்களில் உள்ள அகன்ற வழிகளிலும் நடுவிலுள்ள குறுகிய வழியிலுமாக ஏறத்தாழ நேராகச் செல்கிறது. தகடுகளின் மேற்பரப்பு பைரோலிட்டிக் கார்பன் என்னும் மிக வழவழப்பான பொருளால் ஆனது. ஆயினும் ஆபத்து தங்கும் இடம் ஒன்று உண்டு: தகடு திரும்பும் கீல்.

ஒவ்வொரு தகட்டின் இரு முனைகளும் வளையத்தில் குடையப்பட்ட சிறு குழிகளுக்குள் உட்கார்ந்து திரும்புகின்றன. அந்தக் குழிகளில் இரத்தம் தேங்கிவிடக்கூடாது என்பதற்காகவே, வால்வு மூடியிருக்கும் நேரத்திலும் சிறிதளவு இரத்தம் பின்னோக்கிக் கசிந்து குழியைக் கழுவும்படி வடிவமைத்திருக்கிறார்கள்; எக்கோ (ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் பரிசோதனை) அறிக்கையில் லேசான கசிவு என்று எழுதியிருப்பதைக் கண்டு பலர் கலங்குகிறார்கள், ஆனால் இந்தக் கழுவும் கசிவு எதிர்பார்க்கப்பட்டதே. சிக்கல் என்னவென்றால், மூடிய வால்வின் மீது விழும் அதிக அழுத்தத்தில் இரத்தம் மிகக் குறுகிய இடைவெளி வழியாகப் பீறிடும்போது, இரத்தம் உறைய உதவும் நுண்ணணுக்களான தட்டணுக்கள் கடும் உராய்வுக்கு உள்ளாகித் தூண்டப்படுகின்றன. தூண்டப்பட்ட தட்டணுக்கள் அடுத்த கணமே ஓட்டம் மெதுவாகச் சுழலும் மூலையில் சிக்கினால் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. அவற்றைச் சுற்றி ஃபைப்ரின் என்னும் உறைதல் புரதத்தின் இழைகள் பின்னத் தொடங்குகின்றன. அதிவேகமும் தேக்கமும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து நிகழ்வதுதான் இயந்திர வால்வின் தீராத பலவீனம் என்பது என் கருத்து.

வால்வு இருக்கும் இடமும் முக்கியம். பெருந்தமனி வால்வு வழியாக இதயத்தின் இடது கீழறை இரத்தத்தை வேகமாக உந்தித் தள்ளுகிறது. மைட்ரல் வால்வு வழியாகவோ மேலறையிலிருந்து கீழறைக்குச் சில மில்லிமீட்டர் பாதரச அழுத்த வேறுபாட்டிலேயே இரத்தம் மெல்ல இறங்குகிறது. அதனால் மைட்ரல் இடத்தில் உறையும் அபாயம் அதிகம்; ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற துடிப்பும் சேர்ந்துவிட்டால் இன்னும் அதிகம். ஓட்டம், மேற்பரப்பு, இரத்தத்தின் தன்மை ஆகிய மூன்றும் உறைதலைத் தீர்மானிக்கின்றன. பொருத்திய பிறகு முதல் இரண்டையும் நம்மால் மாற்ற முடியாது. நம் கையில் எஞ்சியிருப்பது மூன்றாவது மட்டுமே, அதற்குத்தான் இரத்தம் எளிதில் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை.

முதல் வேலையாக, வால்வின் வகை, அளவு, பொருத்தப்பட்ட இடம், அறுவை சிகிச்சைத் தேதி, உங்களுக்கு இலக்காக வைத்துள்ள ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் பரிசோதனை எண்; எண் கூடினால் உறைதல் தாமதமாகிறது என்று பொருள்) ஆகிய ஐந்தையும் ஓர் அட்டையில் எழுதி எப்போதும் உடன் வைத்திருங்கள். வேறு அபாயக் காரணம் இல்லாதவருக்குப் பெருந்தமனி இடத்திலுள்ள இரட்டைத் தகடு வால்வென்றால் இலக்கு பொதுவாக 2.0 முதல் 3.0 வரையும், மைட்ரல் இடத்தில் 2.5 முதல் 3.5 வரையும் இருக்கும். உங்கள் மருத்துவர் வேறு இலக்கு சொல்லியிருந்தால் அதற்கான காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வார்ஃபரின், வைட்டமின் கே-யைச் சார்ந்து கல்லீரல் உருவாக்கும் உறைதல் காரணிகளைக் குறைக்கிறது. ஏற்கெனவே இரத்தத்தில் உள்ள காரணிகள் தீரும்வரை அதன் முழு விளைவு தெரியாது என்பதால், இன்று அளவை மாற்றினால் அதன் பலனைச் சரியாக அறியப் பல நாட்கள் ஆகும். நாளையே பரிசோதித்துவிட்டு மறுபடியும் அளவை மாற்றுவது ஐ.என்.ஆரை ஊஞ்சலாக்கிவிடும். மாத்திரையை நாள்தோறும் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். மறந்துவிட்டு அன்றைக்குள் நினைவு வந்தால் சாப்பிட்டுவிடலாம். மறுநாள்தான் நினைவு வந்ததென்றால் இரட்டிப்பாகச் சாப்பிடாமல் வழக்கமான அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, விட்டுப்போனதைக் குறித்து வைத்து மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.

கீரையை விலக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். விலக்க வேண்டியதில்லை, ஆனால் வாரத்துக்கு வாரம் அளவு பெரிதும் மாறக்கூடாது. இதைவிடப் பெரிய ஆபத்து பிற மருந்துகளில் இருக்கிறது. மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃபுளுக்கோனசோல், அமியோடரோன் ஆகியவை ஐ.என்.ஆரை ஏற்றும், ரிஃபாம்பிசின், கார்பமசெபைன் ஆகியவை இறக்கும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டும். எனவே எந்தப் புது மருந்தைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும், மூலிகை மருந்தாயினும், சில நாட்களில் ஐ.என்.ஆர். பார்த்துவிடுவது நல்லது. பரிசோதனை தேவைப்படாத புதிய உறைவெதிர்ப்பு மாத்திரைகளுக்கு மாறலாமா என்று பலர் கேட்கிறார்கள். இயந்திர வால்வுக்கு அவை கூடாது. அவற்றுள் ஒன்றான டாபிகாட்ரானை இயந்திர வால்வு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு, உறைதலும் இரத்தக் கசிவும் வார்ஃபரினைவிட அதிகமாக நேர்ந்ததால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அதன் முடிவு 2013-இல் வெளியானது.

அடுத்தது எக்கோ அறிக்கை. அறுவைக்குப் பின் முதல் சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எடுக்கும் எக்கோவே உங்கள் அடிப்படை, அதைத் தொலைத்துவிடாதீர்கள். அறிக்கையில் வால்வைக் கடக்கும் இரத்தத்தின் வேகம் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று இருக்கும். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நான்கால் பெருக்கினால் உச்ச அழுத்த வேறுபாடு கிடைக்கும்: வேகம் 2 என்றால் 16 மில்லிமீட்டர் பாதரசம், 3 என்றால் 36, 4 என்றால் 64. வேகம் சிறிது கூடினாலும் அழுத்தம் வெகுவாக ஏறுவதை இதில் காணலாம். சராசரி அழுத்த வேறுபாடு என்று தனியே எழுதியிருப்பது இதைவிடக் குறைவாக இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் ஒற்றை எண்ணைப் பார்த்து முடிவு கட்டக்கூடாது. காய்ச்சல், இரத்தசோகை, கர்ப்பம் ஆகியவற்றில் இதயம் அதிக இரத்தத்தை உந்துவதால் நல்ல வால்விலும் வேகம் கூடும். சிறிய அளவு வால்வு பொருத்தியவருக்கு முதல் நாளிலிருந்தே எண் உயர்ந்துதான் இருக்கும். அதனால்தான் பெருந்தமனி வால்வில், வால்வுக்கு முன்னுள்ள வேகத்தை வால்வுக்குள் உள்ள வேகத்தால் வகுத்துப் பார்க்கிறார்கள். இந்த விகிதம் 0.25-க்குக் கீழே இறங்கினால் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது ஃபுளோரோஸ்கோப்பி (அசையும் எக்ஸ்ரே படம்) அல்லது சி.டி. மூலம் தகடுகள் முழுமையாகத் திறக்கின்றனவா என்று பார்ப்பார்கள். சில நாட்களில் மூச்சுத்திணறல் ஏறி, ஐ.என்.ஆரும் இலக்குக்குக் கீழே இருந்திருந்தால் இரத்தக் கட்டிக்கு வாய்ப்பு அதிகம், ஐ.என்.ஆர். சீராக இருந்தும் பல மாதங்களாக மெல்ல வேக எண் ஏறினால் வளையத்தின் மேல் திசு வளர்ந்திருக்கக்கூடும். ஐ.என்.ஆர். குறிப்பேட்டைச் சளைக்காமல் எழுதி வைப்பதன் பயன் இங்கேதான் தெரியும்.

விலங்குத் திசுவால் செய்யப்பட்ட திசு வால்வு பொருத்தியவர்களுக்குப் பொதுவாக முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு மட்டுமே இத்தகைய மருந்து தேவைப்படலாம், வேறு காரணம் இருந்தால் நீளும். கருத்தரிக்க விரும்பும் பெண்கள் கருவுறுவதற்கு முன்பே மருத்துவரைக் காண வேண்டும், ஏனெனில் வார்ஃபரின் முதல் மூன்று மாதங்களில் கருவைப் பாதிக்கக்கூடும். தாமாக மாத்திரையை நிறுத்தினாலோ வால்வில் இரத்தம் உறையக்கூடும். பல் பிடுங்குவதற்காகவும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது.

அமைதியான அறையில் கேட்கும் வால்வின் 'டிக்' ஒலியை வீட்டிலுள்ளவர்களும் பழகிக்கொள்ளட்டும். அந்த ஒலி மங்கினாலோ நின்றாலோ, புதிதாக மூச்சு வாங்கினாலோ, வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று சில நிமிடங்களே இருந்து மறைந்தாலும்கூட, மறுநாள் வரை காத்திராமல் இதய அறுவை வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியமாகவே இயந்திர வால்வு இருப்பதையும் கடைசி ஐ.என்.ஆரையும் கடைசியாக மாத்திரை சாப்பிட்ட நேரத்தையும் சொல்லுங்கள். கட்டியைக் கரைக்கும் மருந்தா, உடனடி அறுவையா என்பதை அவர்கள் முடிவு செய்ய அந்த மூன்று தகவல்களும் முதலில் தேவைப்படும்.