சூரியனின் பழைய பெயரை நாமே மீட்டுப் பார்க்கலாமா?

இந்திய ஆரிய மொழிகளும் ஈரானிய மொழிகளும் பிரிவதற்கு முன்பு, சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்னால், சூரியனுக்கு என்ன பெயர்? எழுத்தில் எதுவும் மிச்சமில்லை. ஆனால் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் கிட்டத்தட்ட பிடித்துவிடலாம்.

படி 1: கிடைத்த சொற்களை எழுதுங்கள். வேதத்தில் ‘ஸ்வர்’. ஈரானியப் பக்கத்தின் பழைய மறைநூலான அவெஸ்தாவில் ‘ஹ்வர’. பாரசீகத்தில் ‘கோர்ஷீத்’; இதில் முன்பாதிதான் சூரியன், பின்பாதி ‘ஒளிரும்’ என்ற அடைமொழி.

படி 2: முதல் எழுத்து ஸ-வா, ஹ-வா? ஸோம–ஹவோம, ஸப்த–ஹப்த, அஸுர–அஹுர என்று அடுக்கிப் பாருங்கள். உயிரெழுத்துக்கு முன்னால் ஈரானியத்தில் ஸ, ஹ ஆகிவிடுகிறது. இவற்றின் தூரத்து உறவான லத்தீனிலும் ஏழுக்கு ‘செப்தெம்’. ஆக, ஸ-தான் மூத்தது.

படி 3: எனக்குப் பிடித்த இடம் இது. ‘ஸ்வர்’ ஓரசையாகத் தெரிந்தாலும், ரிக் வேதச் செய்யுளில் பல இடங்களில் ‘ஸு-வர்’ என்று ஈரசையாக வாசித்தால்தான் சந்தம் சரியாக வரும். யஜுர் வேதத்தின் தைத்திரீய மரபில் ஓதுபவர்கள் ‘பூர் புவஸ் ஸுவ:’ என்றே சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது உச்சரிப்புப் பிழை இல்லை, பழைய சுவடு. உ-வுக்கும் அ-வுக்கும் நடுவே ஒரு தொண்டை ஒலி இருந்து தேய்ந்திருக்கிறது. ‘ஸூர்ய’ என்பதில் உ நெடிலாக நீண்டதும் அந்த ஒலி போன கணக்கில்தான். அதற்கு ஆய்தத்தைக் குறியாக வைத்துக்கொள்வோம் (நம் ஆய்த ஒலியேதான் என்று அர்த்தமில்லை): ஸுஃஅர்.

படி 4: லத்தீனில் ‘ஸோல்’, லிதுவேனியத்தில் ‘ஸவுலே’. அப்படியானால் கடைசியில் ல் போடலாமா? வேண்டாம், புதிதாகச் செய்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான். ல் இன்னும் பழைய தலைமுறைக்கு உரியது. நாம் தேடும் கட்டத்தில் அது ஏற்கெனவே ர் ஆகிவிட்டது. இரண்டு கிளையிலும் ர் இருப்பதே சாட்சி.

படி 5: வேற்றுமை உருபு சேர்த்துப் பாருங்கள். அவெஸ்தாவின் மிகப் பழைய பகுதியான காதைப் பாடல்களில் ‘சூரியனின்’ என்பதற்குத் தோராயமாக ‘ஹ்வேங்’ என்று வருகிறது. ர் காணோம், மூக்கொலி வந்துவிட்டது! சமஸ்கிருதத்தில் பகலுக்கு ‘அஹர்’, பகலின் என்றால் ‘அஹ்ன:’ என்று மாறுமே, அதே ஜாதி.

சரி, விடை: எழுவாயில் *ஸுஃஅர், ‘சூரியனின்’ என்றால் *ஸுஃஅன்ஸ். முன்னால் உடுக்குறி போட மறக்காதீர்கள். நேரில் கிடைத்த சொல் அல்ல, ஊகித்தது என்பதற்கான அடையாளம் அது.

அடுத்து ‘சகோதரி’யை எடுத்துப் பாருங்கள்: சமஸ்கிருதத்தில் ஸ்வஸர், பாரசீகத்தில் காஹர். படி 2 மட்டுமே பாதி வேலையை முடித்துவிடும்.