பழைய தொலைநோக்கியை வாங்குதல், பராமரித்தல், மேம்படுத்துதல்: தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை விளக்கம்

தொலைநோக்கி ஆண்டுதோறும் காலாவதியாகிவிடும் பொருள் அன்று. பல பத்தாண்டுகளுக்கு முன் நன்றாகத் தேய்த்து மெருகிடப்பட்ட ஆடி, முறையாகப் பேணப்பட்டிருந்தால், இன்றும் அதே துல்லியத்துடன் ஒளியைக் குவிக்கும். அதனால்தான் விண்ணோக்கலைப் புதிதாகத் தொடங்குவோருக்கு, சிறிய புதுக் கருவியைக் காட்டிலும் சற்றுப் பெரிய பழைய கருவி பெரும்பாலும் நல்ல தேர்வாக அமைகிறது. ஆனால் பழைய கருவியில் காணப்படும் குறைகளில் சில அரை மணி நேரத்தில் சரியாகிவிடும், சில ஒருபோதும் சரியாகா. புதியவர்கள் இவ்விரண்டையும் மாற்றி எடைபோட்டு, தூசு படிந்த நல்ல ஆடியை ஒதுக்கிவிட்டு, பளபளப்பான குழாயுடன் ஆட்டம் காணும் முக்காலியை வாங்கி வருவதைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. பின்வரும் படிகளை அதே வரிசையில் பின்பற்றினால் அந்தத் தவறு நேராது.

படி 1: எதைத் தேடுவது, எதைத் தவிர்ப்பது

முதலில் பார்க்க வேண்டியது உருப்பெருக்கம் அன்று, ஒளியைத் திரட்டும் வில்லையின் அல்லது ஆடியின் விட்டம். திரட்டப்படும் ஒளி விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 200 மி.மீ. ஆடி 100 மி.மீ. ஆடியைவிட நான்கு மடங்கு ஒளியைத் தரும். பயன்படத்தக்க உருப்பெருக்கத்தின் உச்சவரம்பும் விட்டத்தைப் பொறுத்ததே, மி.மீ. கணக்கில் விட்டத்தை இரண்டால் பெருக்கினால் ஏறத்தாழ அந்த வரம்பு கிடைக்கும். 60 மி.மீ. கருவியின் பெட்டியில் 525 மடங்கு என்று அச்சிட்டிருந்தாலும், அதில் 120 மடங்குக்கு மேல் தெரிவது மங்கிய, பெரிதாக்கப்பட்ட கலங்கல் மட்டுமே.

எனது பரிந்துரை, 130 மி.மீ. முதல் 200 மி.மீ. வரையிலான டாப்சோனியன் வகைப் பிரதிபலிப்புத் தொலைநோக்கி. ஜான் டாப்சன் 1960-களில் சான் பிரான்சிஸ்கோவில் பரவச் செய்த இந்த எளிய மரப்பலகைத் தாங்கியில் பழுதாவதற்குரிய பாகங்கள் மிகக் குறைவு. ஆகவே பழையதாக வாங்குவதில் உள்ள அபாயமும் குறைவு. இடம் குறைவாக இருந்தால் 80 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட ஒளிவிலகல் தொலைநோக்கியும், 900 மி.மீ. குவியத் தூரம் கொண்ட 114 மி.மீ. பிரதிபலிப்புத் தொலைநோக்கியும் நல்லவையே.

இரண்டு வகைகளைத் தவிர்த்துவிடுங்கள். ஐபீஸ், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு வில்லைக்குழல், பொருத்தும் துளை 24.5 மி.மீ. மட்டுமே உள்ள பழைய கருவிகள் முதல் வகை. இன்று எங்கும் வழங்குவது 31.7 மி.மீ., அதாவது 1.25 அங்குல அளவு. இரண்டாவது வகையைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் கவனம் வேண்டும். குழாயின் மீது குவியத் தூரம் 1000 மி.மீ. என்று எழுதியிருக்கும், ஆனால் குழாயின் நீளமோ அரை மீட்டர் அளவே இருக்கும், ஐபீஸும் குழாயின் முன்புறப் பக்கவாட்டில் இருக்கும். அப்படியானால், ஐபீஸை முன்னும் பின்னும் நகர்த்திக் குவியத்தைச் சரிசெய்யும் பாகமான ஃபோக்கசருக்குள் ஒரு சிறிய திருத்த வில்லை மறைந்திருக்கிறது என்று பொருள். பேர்ட்-ஜோன்ஸ் எனப்படும் இவ்வமைப்பின் மலிவான வடிவங்களில் பிம்பம் மென்மையாகவே இருக்கும், ஆடிகளை நேர்ப்படுத்துவதும் புதியவர்களுக்குக் கடினம். மாக்சுடோவ் தொலைநோக்கிகளும் குட்டையானவைதாம். ஆனால் அவற்றின் முன்புறம் தடித்த கண்ணாடியால் மூடப்பட்டிருக்கும், ஐபீஸ் பின்புறம் இருக்கும். அவற்றை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 2: நேரில் செல்லுமுன் கேட்க வேண்டியவை

எதிர் எடை, அதன் தண்டு, மெதுவாக நகர்த்தும் கம்பிகள், ஃபைண்டர் எனப்படும் குறிபார்க்கும் துணைக்கருவியின் தாங்கி, மூடிகள், கணினி வழி இயங்கும் கருவியாயின் கைக்கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகிய அனைத்தும் உள்ளனவா என்று கேட்டு, அவற்றை ஒன்றாக வைத்து எடுத்த படத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். தயாரிப்பு நின்றுபோன தாங்கியின் ஒரு சிறு திருகைத் தேடி அலைவது மிகுந்த சோர்வைத் தரும்.

படி 3: நேரில் சோதித்தல்

பகல் வெளிச்சத்தில் செல்லுங்கள், கையில் ஒரு சிறு டார்ச் இருக்கட்டும். ஆடியின் மீது டார்ச்சைச் சாய்வாக அடித்தால் எந்த ஆடியும் அருவருப்பாகவே தெரியும்; அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 200 மி.மீ. ஆடியின் முன்னால் நிற்கும் 50 மி.மீ. துணை ஆடியே பரப்பில் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல் மறைக்கிறது. அதையே பொருட்படுத்தாத கருவி, மேலே சிதறிக் கிடக்கும் தூசுத் துகள்களைப் பொருட்படுத்தாது. ஓரத்தில் உள்ள சிறு வெட்டும், ஒன்றிரண்டு மெல்லிய கீறல்களும் அவ்வாறே.

கவலைக்குரியவை வேறு. அலுமினியப் பூச்சு திட்டுத்திட்டாக வெளுத்தோ உரிந்தோ போயிருந்தால் மறுபூச்சு தேவைப்படும். அதைச் செய்துதரும் இடமும் செலவும் தெரியாமல் வாங்க வேண்டாம். ஒளிவிலகல் தொலைநோக்கியின் முன்வில்லையில் சிலந்தி வலைபோல் கிளை பிரிந்து படர்ந்திருப்பது பூஞ்சை. அது சுரக்கும் அமிலம் கண்ணாடியையே அரிப்பதால், துடைத்தபின்னும் தழும்பு நிற்கும். வில்லையைப் பிடித்திருக்கும் வளையத்தில் கருவி வழுக்கிய கீறல்கள் தெரிந்தால், யாரோ வில்லைகளைக் கழற்றியிருக்கிறார்கள். அவற்றைத் தலைகீழாகவோ சுழற்றியோ மாட்டியிருக்க வாய்ப்புண்டு.

அடுத்து தாங்கி. குழாயை நடுத்தர உருப்பெருக்கத்தில் தொலைவிலுள்ள ஒரு பொருளின் மீது நிறுத்தி, விரலால் இலேசாகத் தட்டுங்கள். அதிர்வு ஓரிரு விநாடிகளில் அடங்கினால் நல்ல தாங்கி. ஐந்து விநாடிக்குப் பின்னும் பிம்பம் நடுங்கினால், எவ்வளவு நல்ல ஆடியும் அதன்மேல் வீண். ஃபோக்கசரை முழுதும் வெளியே நீட்டி அசைத்துப் பாருங்கள். டாப்சோனியனாயின் அடிப்பலகையின் விளிம்புகள் ஈரத்தில் ஊதியுள்ளனவா என்று தடவிப் பாருங்கள். மின்மோட்டார் உள்ள தாங்கியை விற்பவரின் கையாலேயே இயக்கச் சொல்லி, இரு அச்சுகளும் இரு திசையிலும் ஓடுகின்றனவா என்று காண வேண்டும். மின்கலப் பெட்டியில் வெண்பச்சைக் கசிவு உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பிம்பத்தின் தரத்தை இருட்டும்வரை காத்திராமலும் ஓரளவு அறியலாம். சூரியன் உங்களுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, தொலைவிலுள்ள மின்கம்பத்தின் பீங்கான் காப்பானில் மின்னும் ஒளிப்புள்ளியை நோக்கினால் அது ஒரு செயற்கை விண்மீனாகப் பயன்படும். புள்ளியைக் குவியத்தின் இருபுறமும் சற்றே விலக்கிப் பாருங்கள். வட்ட வளையங்கள் தெரிந்தால் மகிழ்ச்சி. வளையங்கள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் ஆடிகள் நேர்ப்படவில்லை என்று பொருள். அது அரை மணி நேர வேலை. முக்கோணமாகத் தெரிந்தால் ஆடியைப் பிடித்திருக்கும் கவ்விகள் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்கக்கூடும், அதுவும் எளிது. குவியத்தின் ஒரு பக்கத்தில் நீள்வட்டமாகவும் மறுபக்கத்தில் அதற்குச் செங்குத்தான நீள்வட்டமாகவும் தெரிந்தால், ஐபீஸை மட்டும் சுழற்றிப் பார்த்து, பிறகு தலையைச் சாய்த்தும் பாருங்கள். நீள்வட்டமும் உடன் சுழன்றால் குறை ஐபீஸிலோ உங்கள் கண்ணிலோ இருக்கிறது. அசையாமல் நின்றால் அது ஆடியிலோ வில்லையிலோ அவை அமர்ந்திருக்கும் விதத்திலோ உள்ள குறை. அத்தகைய கருவியைத் தொடக்கநிலையில் இருப்பவர் வாங்காதிருப்பதே நல்லது.

படி 4: முதல் நாள் செய்ய வேண்டியவை

ஐபீஸில் திருகிப் பொருத்தும் சிறிய கருப்புச் சூரிய வடிகட்டி பெட்டியில் இருந்தால், அதை உடனே உடைத்து எறிந்துவிடுங்கள். பழைய பெட்டிகளில் இது அடிக்கடி காணப்படுகிறது. குவிந்த சூரிய வெப்பம் முழுவதும் அச்சிறு கண்ணாடியின் மீது விழுவதால் அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிசல் விட்டு, கண்ணை நிரந்தரமாகப் பறித்துவிடக்கூடும். சூரியனை நோக்க, குழாயின் முன்வாயை முழுவதும் மூடும் வடிகட்டியே ஏற்றது.

அடுத்து, கையில் கிடைத்த எல்லாத் திருகுகளையும் கழற்றிப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொண்டு, ஆடிகளை நேர்ப்படுத்தும் காலிமேஷனை மட்டும் செய்யுங்கள். பிரதிபலிப்புத் தொலைநோக்கிகளுக்கு இதைவிடப் பயனுள்ள செலவற்ற மேம்பாடு வேறில்லை. செஷயர் எனப்படும் எளிய குழல் ஒன்று போதும். லேசர் காலிமேட்டர் வைத்திருந்தால், அதை ஃபோக்கசருக்குள் மெதுவாகச் சுழற்றுங்கள். ஒளிப்புள்ளி ஆடியின் மேல் வட்டமிட்டால் அந்த லேசரே கோணலாக இருக்கிறது, நம்ப வேண்டாம்.

திருகாணி கைதவறினாலும் ஆடியின் மேல் விழாதபடி குழாயைக் கிடைமட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில், ஃபோக்கசர் வழியே பார்க்கையில் துணை ஆடி வட்டமாகவும் நடுவிலும் தெரியும்படி அதன் இடத்தைச் சரிசெய்யுங்கள். இரண்டாவதாக, துணை ஆடியின் சிறு திருகுகளைத் திருப்பி, முதன்மை ஆடியின் நடுவிலுள்ள குறி செஷயரின் குறுக்குக்கோட்டுக்கு நேரே வரச் செய்யுங்கள். குறி இல்லாத ஆடிக்கு ஒரு சிறு ஒட்டு வளையத்தை நடுவில் ஒட்டலாம். அப்பகுதி துணை ஆடியின் நிழலில் இருப்பதால் பிம்பத்துக்குக் கேடில்லை. மூன்றாவதாக, குழாயின் அடியிலுள்ள திருகுகளால் முதன்மை ஆடியைச் சாய்த்து, செஷயரின் ஒளிர்ந்த வளையம் அக்குறியோடு ஒருமையப்படும்படி செய்யுங்கள். குவியத் தூரம் விட்டத்தைப் போல் எட்டு மடங்கான எஃப்/8 கருவிகள் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும், ஐந்து மடங்கான எஃப்/5 பொறுக்காது. இறுதிச் சரிபார்ப்புக்குத் துருவ விண்மீன் மிகவும் வசதியானது, ஏனெனில் அது பார்வைப் புலத்தை விட்டு விரைவில் நகர்ந்துவிடுவதில்லை.

படி 5: சுத்தம் செய்தல்

இயன்றவரை செய்யாதிருப்பதே சிறந்த சுத்தம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தொலைநோக்கி ஆடியின் அலுமினியப் பூச்சு, முகம் பார்க்கும் கண்ணாடியில் உள்ளதுபோல் பின்புறம் இல்லாமல் முன்பரப்பிலேயே இருக்கிறது. அதன் தடிமன் ஒரு மி.மீ.யில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தாலே ஆண்டுக்கணக்கான தூசு செய்யாத கேட்டைச் செய்துவிடலாம்.

படலமாக அழுக்கேறிய ஆடியை மட்டும் கழுவலாம். அது அமர்ந்திருந்த நிலையைக் குறித்துக்கொண்டு வெளியே எடுங்கள். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். வெதுவெதுப்பான நீரைப் பாயவிட்டு மணல் துகள்களை முதலில் அகற்றியபின், ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் சிறிது நேரம் ஊறவிடுங்கள். நனைந்த பஞ்சைத் தன் எடையாலேயே ஆடியின் மீது இழுத்துச் செல்லுங்கள், விரலால் அழுத்தாதீர்கள், ஒவ்வோர் இழுப்புக்கும் புதிய பஞ்சைக் கொள்ளுங்கள். காய்ச்சி வடித்த நீரால் இறுதியாக அலசி, விளிம்பில் நிறுத்தி உலரவிடுங்கள்.

ஐபீஸில் தூசைவிட இமைமுடியின் எண்ணெய்ப் பசையே பிம்பத்தை மங்கச் செய்கிறது. முதலில் ரப்பர் ஊதியால் துகள்களை ஊதித் தள்ளி, பின்னர் வில்லை துடைக்கும் திரவத்தில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் துடையுங்கள். திரவத்தை நேரடியாகக் கண்ணாடியின் மேல் விட்டால் அது விளிம்பு வழியே உள்ளே புகுந்துவிடும்.

படி 6: தாங்கியும் சேமிப்பும்

பழைய தாங்கிகளின் இறுக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் பசையாகக் கெட்டிப்பட்டுவிட்ட கிரீஸ். அதைத் துடைத்தெடுத்து லித்தியம் கிரீஸைச் சிறிதளவு இட்டால் அச்சுகள் மீண்டும் இயல்பாக இயங்கும். பற்சக்கரத்தின் தளர்வைக் குறைக்கும் திருகை மிகச் சிறிதளவாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் முழுச் சுற்று சுழற்றிப் பாருங்கள். சக்கரம் முற்றிலும் வட்டமாக இருப்பதில்லை, ஓரிடத்தில் சரியாக இருப்பது வேறோரிடத்தில் இறுகிவிடும். டாப்சோனியன் தாங்கிக்கு எண்ணெய் வேண்டாம். அதன் டெஃப்லான் துண்டுகளுக்கு அளவான உராய்வு தேவை.

பனியில் நனைந்த கருவியை மூடியிட்டுப் பெட்டிக்குள் வைப்பதுதான் பூஞ்சைக்கு வழிவகுக்கிறது. அறைக்குள் திறந்து வைத்து, தானாக உலர்ந்தபின் மூடி, சிலிக்கா ஜெல் பைகளுடன் வையுங்கள்.

படி 7: மேம்படுத்தும் வரிசை

முதலில் அதிர்வைக் குறைக்கலாம். முக்காலியின் கால்களை முழுதும் நீட்டாமல், நடுவில் ஓர் எடையைத் தொங்கவிட்டாலே மாற்றம் தெரியும். அடுத்தது ஐபீஸ். உருப்பெருக்கம் என்பது தொலைநோக்கியின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது. 1200 மி.மீ. கருவியில் 25 மி.மீ. ஐபீஸ் 48 மடங்கும், 10 மி.மீ. ஐபீஸ் 120 மடங்கும் தரும். இரட்டிப்பாக்கும் பார்லோ வில்லை சேர்த்தால் 96, 240 என மேலும் இரண்டு கிடைக்கும். 25-உடன் 12.5 வாங்கினால் பார்லோவின் பயனில் பாதி வீணாகிவிடும் என்பதைக் கவனியுங்கள். மலிவான பழைய கருவிகளுடன் வரும் எச், எஸ்ஆர் எனக் குறியிட்ட ஐபீஸ்களை மாற்றி, 1860-இல் உருவான பிளாசல் வடிவமைப்பைப் பயன்படுத்தினாலே வேறுபாடு பெரிதாக இருக்கும். ஆயினும் 6 மி.மீ. போன்ற குறுகிய பிளாசலில் கண்ணை வில்லையோடு ஒட்டி வைக்க நேரிடுவதால், மூக்குக்கண்ணாடி அணிவோர் நீண்ட கண்ணிடைவெளி கொண்ட வகையை நாட வேண்டும்.

பின்னர் சிவப்புப் புள்ளி ஃபைண்டர், முன்வாயில் பொருத்தும் பனித்தடுப்புக் குழல், ஃபோக்கசருக்கு எதிரே குழாயின் உட்சுவரில் ஒட்டும் மென்கருப்புத் தாள் ஆகியவை. கடைசி இரண்டையும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

ஒளிப்படக் கருவியைப் பொருத்த விரைய வேண்டாம். கண்ணால் பார்ப்பதற்காக அமைக்கப்பட்ட பல பிரதிபலிப்புத் தொலைநோக்கிகளில், ஃபோக்கசரை முழுதும் உள்ளே தள்ளினாலும் கேமராவின் உணரியில் குவியம் விழுவதில்லை. நீண்ட நேர ஒளிப்பதிவுக்கு வேண்டிய தாங்கியும் முற்றிலும் வேறானது. செலவழிக்குமுன், அப்பொருள் அடுத்த தொலைநோக்கிக்கும் உடன்வருமா என்று பாருங்கள். 1.25 அங்குல ஐபீஸும் பார்லோவும் செஷயரும் வரும், ஆகவே அவற்றில் தாராளமாகச் செலவிடலாம். இந்தக் குழாய்க்கென்றே அமைந்த ஃபோக்கசரும் குளிர்விசிறியும் வாரா. ஓராண்டேனும் பயன்படுத்தி, இந்தக் கருவியையே வைத்துக்கொள்வது என்று முடிவானபின் அவற்றை வாங்குங்கள்.