அரிய தமிழ்ப் பெயரின் பொருளையும் புழக்கத்தையும் சரிபார்ப்பது எப்படி

குழந்தைக்கு அதிகம் பேர் வைத்திராத தமிழ்ப் பெயராக வேண்டும் என்று தேடினால் இணையத்தில் நூறு பட்டியல் கிடைக்கும். பெரும்பாலானவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. பத்துத் தளங்களில் ஒரே பொருள், ஒரே எழுத்துப்பிழையோடு இருந்தால் அதைப் பத்துச் சான்றாக எண்ண வேண்டாம், ஒன்றுதான். "அழகானவள்", "அறிவாளி", "வெற்றியாளன்" என்று ஒரே சொல்லில் பொருளைச் சொல்லி, அது எந்த நூலில் வருகிறது என்று சொல்லாமல் விட்டிருந்தால் அந்தப் பட்டியலை அங்கேயே மூடிவிடலாம்.

பெயரைச் சரிபார்க்கும்போது மூன்று கேள்விகளைத் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? இதைப் பெயராகத் தாங்கியவர்கள் யார்? இன்று எத்தனை பேருக்கு இந்தப் பெயர் இருக்கிறது? ஒன்றின் விடையை இன்னொன்றுக்குப் போட்டுவிடுவதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. "எழினி" என்ற பெயரை வைத்துப் பார்க்கலாம். பெயர்ப் பட்டியல்களில் இது பெண்பால் பெயராக, "எழில் உடையவள்" என்ற விளக்கத்தோடு வரும்.

அகராதியில் தொடங்குங்கள்

முதலில் எடுக்க வேண்டியது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து, 1939-ல் பிற்சேர்க்கையும் சேர்ந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய அகராதித் தளத்தில் இலவசமாகத் தேடலாம். தலைச்சொல்லைப் பார்த்ததும் முதல் பொருளோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு சுருக்கம் இருக்கும். புறநா. என்றால் புறநானூறு, சிலப். என்றால் சிலப்பதிகாரம், திவா., பிங். என்றால் திவாகரம், பிங்கலம் என்ற நிகண்டுகள், அதாவது பழைய சொற்பொருள் நூல்கள். உங்களுக்கு வேண்டியது அந்தச் சுருக்கம்தான். நிகண்டு மட்டும் சான்றாக இருந்தால், நிகண்டுக்காரர் அந்தச் சொல்லைப் பதிவு செய்திருக்கிறார் என்று தெரிகிறது. ஆள் பெயராக வழக்கில் இருந்ததா என்பதை இலக்கியத்திலும் கல்வெட்டிலும் பார்க்க வேண்டும்.

எழினி என்று தேடினால் திரைச்சீலை என்ற பொருளும், ஒரு வள்ளலின் பெயர் என்பதும் கிடைக்கும். அழகு என்பது இல்லை. இது அகராதி விட்டுப்போன பொருளாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் சொல் அமைப்பைப் பாருங்கள். எழில் என்பதோடு "இனி" சேர்த்தால் எழிலினி என்றுதான் வரும், நடுவில் உள்ள லகரம் காணாமல் போகக் காரணம் இல்லை. எழில் என்பதோடு "இ" சேர்த்தால் எழிலி. அதுவோ மேகத்தைக் குறிக்கும் பழைய சொல். பத்மினி, நளினி போன்ற வடமொழிப் பெண்பாற் பெயர்களின் ஓசை காதில் பழகிப்போனதால் "-இனி" என்று முடிவதெல்லாம் பெண் பெயராகத் தோன்றுகிறது. யாழினி, மகிழினி போன்ற புதிய பெயர்கள் அந்த அச்சில் வார்த்தவை. எழினி அந்த வரிசையில் சேராது.

எல்லாப் பொருளையும் படிப்பது இன்னொரு விதத்திலும் உதவும். "ஆதன்" சேர அரசர் பெயர்களில் வரும் பழம்பெயர், கீழடிப் பானை ஓட்டிலும் "குவிரன் ஆதன்" என்று கீறியிருக்கிறது. ஆனால் அகராதியில் அதே சொல்லுக்கு அறிவிலி, குருடன் என்ற பிற்காலப் பொருள்களும் உண்டு. பெயரை விட்டுவிட இது காரணமாகாது. பள்ளியில் தமிழாசிரியர் யாராவது சொல்லித் தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிந்திருப்பது நல்லது.

நூல்களில் பெயரைத் தாங்கியவர்களைத் தேடுதல்

சங்க நூல்களின் மூலம் முழுதும் மின்னெழுத்தில் கிடைக்கிறது. மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகம் இரண்டிலும் பாருங்கள். பலர் தடுக்கி விழுவது தேடுபெட்டியில்தான். "எழினி" என்று முழுச்சொல்லாகப் போட்டால் "பொகுட்டெழினி" சிக்காது. புணர்ச்சியில் எகரம் முன்னுள்ள டகரத்தின் மேல் ஏறி "டெ" ஆகிவிட்டது, கணினிக்கு அங்கே எகரமே இல்லை. அதனால் முதல் உயிரெழுத்தைக் கழற்றிவிட்டு "ழினி" என்று தேடுங்கள். மெய்யில் முடியும் பெயர் என்றால் கடைசிப் புள்ளியையும் எடுத்துவிட வேண்டும்: "ஆதன்" என்பது "ஆதனுக்கு" என்று வரும்போது புள்ளி போய்விடும், "எழினியாதன்" என்று சேரும்போது ஆகாரமும் துணைக்காலாக மாறிவிடும். இரண்டையும் பிடிக்க "தன" போதும். தேவையில்லாதவையும் நிறைய வரும், கண்ணால் கழிக்க வேண்டியதுதான். ஒகரம் உள்ள பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பழைய கோப்புகளில் "பொ" என்பதை ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாக உள்ளிட்டிருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், தேடலில் அகப்படாது. கொம்புக்குறியைத் தவிர்த்து மற்ற எழுத்துகளை மட்டும் தேடுங்கள்.

இப்படித் தேடினால் எழினிகள் வரிசையாக வருவார்கள். புறநானூறு 158-ல் பெருஞ்சித்திரனார் பாரி, ஓரி, காரி, பேகன், ஆய், நள்ளி ஆகியோரோடு சேர்த்துச் சொல்லும் வள்ளல் ஒருவன். அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினி. ஔவையார் பாடிய 96, 102, 392 ஆகிய பாட்டுகள் இவனைப் பற்றியவை. தகடூர்ப் போரில் வீழ்ந்த எழினியை 230-ல் அரிசில் கிழார் பாடுகிறார். 396-ல் வாட்டாற்று எழினியாதன். அகநானூறு 36-ல் தலையாலங்கானத்தில் பாண்டியனை எதிர்த்த எழுவரில் ஒருவன். அகநானூறு 211-ல் வருபவனுக்குத்தான் கெட்ட நேரம்: "கல்லா எழினி" என்ற அடைமொழி, போதாக்குறைக்கு அவன் பல்லைப் பிடுங்கிக் கோட்டைக் கதவில் பதித்திருக்கிறார்கள். அத்தனை பேரும் ஆண்கள். இகரத்தில் முடிவதால் பெண் பெயர் என்று முடிவுகட்டுவது சங்கப் பெயர்களில் செல்லாது. பாரி, ஓரி, காரி, நள்ளி, அஞ்சி எல்லாமே ஆண் பெயர்கள்தான்.

ஒரே பெயரில் பலர் வந்தால் அவர்களை ஒருவராக்கிவிடாதீர்கள். எந்த ஊர், யாருடைய மகன், எந்தப் போர், பாடிய புலவர் யார் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் எது பெயர், எது குடிவழிப் பட்டம் என்பது ஓரளவு தெளியும். பாடியவர், பாடப்பட்டவர் யார் என்று பாட்டின் கீழே சொல்லும் அடிக்குறிப்பு பிற்காலத்தில் தொகுத்தவர்கள் எழுதியது என்பதையும் நினைவில் வையுங்கள். பாட்டுக்குள்ளேயே பெயர் இருந்தால் அதுதான் வலுவான சான்று.

திரைச்சீலை என்ற பொருளுக்குச் சான்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இருக்கிறது. மாதவி ஆடிய மேடைக்கு ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரை சொல்லப்படுகிறது.

கல்வெட்டு

சோழர் காலப் பெயர் என்றால் கராஷிமா, சுப்பராயலு, மட்சுயி மூவரும் 1978-ல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயரடைவு மூன்று தொகுதிகளாக இருக்கிறது. பெரிய நூலகங்களில் கிடைக்கும். அதற்கு வெளியே என்றால் தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளின் பின்னிணைப்பைப் புரட்ட வேண்டியதுதான். கல்வெட்டில் புள்ளி பெரும்பாலும் இருக்காது, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றுபோல் இருக்கும். பதிப்பாசிரியர் படித்ததைத்தான் நாம் படிக்கிறோம். ஆகவே குறிலையும் நெடிலையும் மாற்றி மாற்றி அடைவில் தேடுங்கள்.

எழினி விஷயத்தில் கல்வெட்டு நல்ல விடை தருகிறது. போளூர் அருகே திருமலையில், எழினி என்ற சேர குல மன்னன் செய்வித்த இயக்கன், இயக்கி (யட்சன், யட்சி) உருவங்களைப் பிற்கால மன்னன் விடுகாதழகிய பெருமாள் பழுது திருத்தி வைத்ததாகத் தமிழிலும் வடமொழியிலும் எழுதியிருக்கிறார்கள். தமிழில் "எழினி" என்று வரும் பெயர் வடமொழியில் "யவனிகா" ஆகியிருக்கிறது. யவனிகா என்றால் திரை. கல்வெட்டை எழுதியவர் அந்தப் பெயரைத் திரை என்றே புரிந்துகொண்டிருக்கிறார். சங்க காலத்து ஆளுக்குப் பெயர் வைத்தவர்களும் அதைத்தான் நினைத்தார்கள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. சொல்லின் பொருளும் பெயர் பிறந்த காரணமும் வெவ்வேறு.

எவ்வளவு அரிது?

இந்தியாவில் பிறப்புப் பதிவுகளிலிருந்து பெயர்வாரி எண்ணிக்கையை அரசு ஆண்டுதோறும் வெளியிடுவதில்லை. ஆகவே "இந்தப் பெயர் இத்தனையாவது இடம்" என்று எந்தத் தளம் சொன்னாலும் எங்கிருந்து எடுத்தது என்று கேளுங்கள். வாக்காளர் பட்டியலில் வயதும் பாலினமும் இருப்பதால் ஓரளவு உதவும். ஆனால் அது 18 வயதுக்கு மேற்பட்டவர்களின் பட்டியல். பதினெட்டு ஆண்டுக்கு முந்தைய பெயர் வழக்கம்தான் அதில் தெரியும், இன்று பால்வாடியில் எத்தனை எழினிகள் என்று தெரியாது. முகநூலில் தேடி எண்ணுவதும் கணக்காகாது. புனைபெயர்கள்தான் முதலில் வந்து நிற்கும்.

அயல்நாட்டில் இருப்பவர்களுக்கு நிலைமை மேல். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதல் ஆண்டுவாரியான பெயர்க் கோப்புகளை வெளியிடுகிறது. ஓராண்டில் ஐந்து குழந்தைகளுக்குக் குறைவாக வைத்த பெயர் அதில் இடம்பெறாது. இங்கிலாந்து, வேல்ஸ் புள்ளிவிவரத்தில் அந்த எல்லை மூன்று. தளத்தில் காட்டும் முதல் ஆயிரம் பெயர்களை மட்டும் பார்த்து "இல்லை" என்று முடிவு செய்யாமல் முழுக் கோப்பையும் இறக்கித் தேடுங்கள். ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கூட்டலும் தனிப்பெயராக எண்ணப்படும். ழகரத்தை ஒருவர் "இசட்-ஹெச்" என்றும் இன்னொருவர் "எல்" என்றும் எழுதினால் ஒரே பெயர் இரண்டாகப் பிரிந்து, இரண்டுமே ஐந்துக்குக் கீழே போய்விடலாம். சாத்தியமான எழுத்துக்கூட்டல்களை முதலில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பதிவுக்கு முன்

பிறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், ஆனால் பெயர் அப்போதே வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயரில்லாமல் பதிந்துவிட்டு 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்க வழியுண்டு. ஒருமுறை ஏறிய பெயரை விருப்பத்துக்காக மாற்றுவது எளிதல்ல என்பதால் மேலே சொன்ன தேடலை எல்லாம் அந்த 12 மாதத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுச் சான்றிதழில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும். இரண்டையும் நீங்களே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். கணினியில் ஏற்றுபவர் கேள்விப்படாத பெயரைக் கண்டால் தெரிந்த பெயராக்கிவிடுவார், எழினி எழிலி ஆவதற்கு ஓர் எழுத்துதான் வித்தியாசம். அச்சுக்குப் போகுமுன் திரையில் காட்டச் சொல்லி ழி, னி இரண்டையும் சரிபாருங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலை எதுவாக முடிவு செய்தாலும் ஆதார், பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு எல்லாவற்றிலும் அதையே கொடுங்கள்.