வேற்றினப் பின்னங்களைக் கூட்டுவது எப்படி? (கீழெண் வேறாக இருந்தால்)

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் காலும் அரையும் முக்கால் என்பார்கள். அரையை இரண்டு காலாக மாற்றியபிறகுதான் மனது அதைக் கூட்டுகிறது. தாளில் செய்யப்போவதும் அதேதான். தொகுதி மேலே, பகுதி கீழே என்பது தெரிந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

கணக்கு: 3/8 + 5/12

முதலில் செய்யக்கூடாதது. மேலே 3+5, கீழே 8+12 என்று கூட்டினால் 8/20, அதாவது 2/5 வரும். 2/5 என்பது 0.4, 5/12 மட்டுமே 0.41க்கு மேல். பண்ருட்டி முந்திரி 5/12 கிலோ இருக்கும் பையில் இன்னும் 3/8 கிலோ கொட்டினால் எடை குறையுமா?

படி 1: 8, 12 இரண்டுக்கும் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு, இரண்டாலும் வகுபடும் மிகச்சிறிய எண்) காணுங்கள். 2ஆல் வகுத்தால் 4, 6. மறுபடி 2ஆல் வகுத்தால் 2, 3. இனிப் பொதுவாக எதுவும் வகுக்காது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இடப்பக்கம் எழுதிய வகுத்த எண்கள் 2×2 மட்டும் பெருக்கி 4 என்று எழுதிவிடுவார்கள். அது மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி, இரண்டையும் வகுக்கும் மிகப்பெரிய எண்). அடியில் மிஞ்சிய 2, 3 இரண்டையும் சேர்த்துப் பெருக்க வேண்டும்: 2×2×2×3 = 24. ஒரு சோதனை: மீ.சி.ம. ஒருபோதும் பெரிய பகுதியைவிடச் சிறியதாக இருக்காது.

படி 2: 8ஐ 24 ஆக்க 3ஆல் பெருக்குகிறோம், எனவே மேலேயும் 3ஆல்: 9/24. 12ஐ 24 ஆக்க 2ஆல்: 10/24. கீழே மட்டும் மாற்றிவிட்டு 3/24 + 5/24 என்று எழுதுவது இன்னொரு வழக்கமான பிழை.

படி 3: 9+10 = 19. விடை 19/24. பகுதியைக் கூட்டாதீர்கள்.

படம் வேண்டுமென்றால் வட்டம் வரையாதீர்கள். வட்டத்தைக் கையால் 12 சம பங்காகப் பிரிப்பது கடினம். கட்டம் போட்ட நோட்டில் ஒரே வரிசையில் 24 கட்டம் எடுங்கள். 3/8க்கு 9 கட்டம், 5/12க்கு 10 கட்டம் நிழலிட்டால் 5 மிச்சம்.

குறுக்குப் பெருக்கலும் சரியான வழிதான்: (3×12 + 5×8)/(8×12) = (36+40)/96 = 76/96. ஆனால் 4ஆல் சுருக்கினால்தான் 19/24. எண்கள் வீங்குவதால் பகுதிகள் சிறியதாக இருக்கும்போது மட்டும் பயன்படுத்துங்கள்.

மூன்று பின்னம்: 1/4 + 1/6 + 2/9. மூன்றையும் வகுக்கும் எண் இல்லை என்று நிறுத்திவிட்டால் 4×6×9 = 216 வரும். ஏதாவது இரண்டு வகுபட்டாலே போதும். வகுபடாததை அப்படியே இறக்குங்கள். 2ஆல்: 2, 3, 9. 3ஆல்: 2, 1, 3. எல்லாவற்றையும் பெருக்கினால் 2×3×2×1×3 = 36. விடை 9/36 + 6/36 + 8/36 = 23/36.

முந்திரி என்றதும் ஒன்று: பழைய தமிழ்க் கணக்கில் முந்திரி என்றால் 1/320. மா (1/20) என்பது 16 முந்திரி, அரைக்கால் (1/8) 40 முந்திரி. கூட்டினால் 56 முந்திரி, சுருக்கினால் 7/40. பொதுப் பகுதி அங்கே பெயரிலேயே இருந்தது.

கலப்பு பின்னம்: 1 5/6 + 2 3/4. முழு எண் தனியாக 3, பின்னம் தனியாக 10/12 + 9/12 = 19/12. 3 19/12 என்று விட்டுவிடக்கூடாது. 19/12 என்பது 1 7/12, ஆகவே விடை 4 7/12.

நீங்களே செய்ய: 5/6 + 7/10. 12/16 வந்தால் படி 1க்குத் திரும்புங்கள். 92/60 வந்தால் கூட்டல் சரி, சுருக்க மறந்துவிட்டீர்கள். விடை 1 8/15.