ஆட்டோமேட்டிக் வாட்சில் தேதி மாற்றும் முன் சின்ன முள்ளை ஆறுக்குக் கொண்டுவாருங்கள்

ஆட்டோமேட்டிக் வாட்சுக்கு பேட்டரி கிடையாது, கை அசைவில்தான் ஸ்பிரிங் ஏறும். அதை ரெண்டு நாள் கட்டாமல் வைத்தால் நின்றுவிடும். திரும்ப எடுக்கும்போது நேரம், தேதி, கிழமை மூன்றும் தப்பாக இருக்கும். கிரவுனை, அதாவது பக்கவாட்டில் இருக்கும் திருகுக் குமிழை, இழுத்துத் தேதியைத்தான் முதலில் திருகத் தோன்றும். அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள்.

இங்கே சொல்வது சீக்கோ 5-ஐ வைத்து. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் கையில் கட்டியிருந்த அதே வாட்ச்தான். உள்ளே 7எஸ்26 இயந்திரம். மற்ற ஆட்டோமேட்டிக்குகளிலும் வழி ஏறக்குறைய இதுவே.

1. ஓட விடுங்கள். 7எஸ்26-க்குச் சாவி கொடுக்க முடியாது. கிரவுனை எவ்வளவு திருகினாலும் ஸ்பிரிங் ஏறாது. படுக்கைவாக்கில் பிடித்து இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டுங்கள். வினாடி முள் கிளம்பிவிடும். புதிய 4ஆர்36 இயந்திரம் என்றால் கிரவுனைத் திருகியே சாவி கொடுக்கலாம்.

2. கையிலிருந்து கழற்றுங்கள். கட்டியபடியே கிரவுனை இழுத்தால் விசை பக்கவாட்டில் விழுந்து உள்ளே இருக்கும் மெல்லிய தண்டு வளையலாம். சீக்கோ 5-ல் கிரவுன் நாலு மணிப் பக்கம் பாதி புதைந்து கிடப்பதால் நகம் சரியாகப் பிடிக்காது. குறடு, கத்தி முனை எல்லாம் வேண்டாம். துண்டை விரித்து அதன்மேல் வாட்சை வைத்து, நகத்தை அடியில் கொடுத்து நெம்பினால் போதும்.

3. நள்ளிரவு எங்கே என்று கண்டுபிடியுங்கள். எனக்கு ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முகப்பில் 12 மணிதான் உண்டு; உள்ளே தேதியை நகர்த்தும் சக்கரமோ 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று. முள் பத்தில் நின்றால் அது காலைப் பத்தா, இரவுப் பத்தா என்பது உங்களுக்குத் தெரியாது, வாட்சுக்குத் தெரியும். இரவு ஒன்பதை நெருங்கும்போதே அந்தச் சக்கரத்தின் நாக்கு தேதி வளையத்தின் பல்லில் கைவைத்துவிடும். கிழமை முழுதாக மாறி முடிய விடியற்காலை மூன்று, நாலுகூட ஆகும். அந்த நேரத்தில் நீங்களும் கிரவுனால் தேதியைத் தள்ளினால் நாக்கு வளையும், அல்லது பல் உடையும். விலை குறைந்த இயந்திரங்கள் பலவற்றில் இந்தப் பாகங்கள் பிளாஸ்டிக், ஆகவே சத்தமே இல்லாமல் போய்விடும்.

'இப்போது மதியம் ரெண்டு மணிதானே' என்று நம்பித் தேதியைத் திருகாதீர்கள். உங்களுக்கு மதியம், நின்று கிடந்த வாட்சுக்கு நடுராத்திரியாக இருக்கலாம்.

கிரவுனைக் கடைசி நிலைவரை இழுத்து முட்களை முன்னோக்கியே சுற்றுங்கள். தேதி குதிக்கிற இடம் நள்ளிரவு. அங்கே நிற்காமல் இன்னும் சுற்றி ஆறு மணிக்குக் கொண்டுவாருங்கள். இது காலை ஆறு, தேதிச் சக்கரம் சும்மா இருக்கும் வேளை.

4. நேற்றைய தேதியை வையுங்கள். இன்றையது இல்லை, நேற்றையது. கிரவுனை நடு நிலைக்குத் தள்ளுங்கள். ஒரு பக்கம் திருகினால் தேதி, மறுபக்கம் திருகினால் கிழமை. கிழமை இரண்டு மொழிகளில் வரும். வளைகுடாவில் வாங்கியதில் பெரும்பாலும் இரண்டாவது அரபி. ஆங்கிலம் வேண்டுமென்றால் ஒரு கிளிக் தள்ளி நிறுத்துங்கள்.

5. இன்றைக்கு வாருங்கள். இன்று 14, வியாழன், மாலை 4.20 என்று வைத்துக்கொள்வோம். காலை ஆறில் 13, புதன் வைத்தாயிற்று. கிரவுனைத் திரும்பக் கடைசிவரை இழுத்து முன்னோக்கிச் சுற்றுங்கள். முதல் 12-ல் ஒன்றும் நடக்காது, அது மதியம். அடுத்த 12-ல் தேதி 14 ஆகும். விடியற்காலை 4.20-ஐத் தாண்டி, இன்னொரு மதியத்தையும் தாண்டி, மாலை 4.20-ல் நிறுத்துங்கள். விரல் வலிக்கும். ஆனால் தேதி தானாக மாறுகிறதா என்று கண்ணால் பார்த்துவிடுகிறோம், காலை மாலைக் குழப்பமும் தீர்ந்துவிடும். ஆறு மணியிலேயே இன்றைய தேதியை வைக்கும் குறுக்குவழியும் பாதுகாப்பானதுதான். எனக்கு நேற்றைய தேதியிலிருந்து சுற்றி வருவதுதான் பிடிக்கும்.

6. கிரவுனை உள்ளே தள்ளுங்கள். மரையுள்ள கிரவுனாக இருந்தால் முதலில் எதிர்ப்பக்கம் லேசாகத் திருகி, மரை பொருந்துவது விரலுக்குத் தெரிந்தபின் முடுக்குங்கள்.

இந்தத் தொல்லை வேண்டாம் என்று வாட்சைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் மின்பெட்டி வாங்குகிறார்கள். ஒன்றிரண்டு வாட்ச் வைத்திருப்பவருக்கு அது வீண் செலவு. எப்படியும் 31 இல்லாத மாதம் முடியும்போதெல்லாம், அதாவது மார்ச், மே, ஜூலை, அக்டோபர், டிசம்பர் முதல் தேதிகளில், கையால்தான் மாற்றியாக வேண்டும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டதால் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

மதியம் 12-க்குத் தேதி மாறுகிறது என்றால் வாட்ச் கெடவில்லை. நேரம் 12 மணி தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. முட்களை ஒரு முழுச் சுற்று, 12 மணி நேரம், முன்னே கொண்டுபோனால் சரி. நள்ளிரவுக்குச் சில நிமிடம் முன்பின்னாக மாறுவதும் சாதாரணம். விடிந்த பிறகும் இரண்டு எண்கள் பாதிப்பாதி தெரிந்தால்தான் ரிப்பேர் கடை.

'கிரவுன் ஒரே ஒரு நிலைக்குத்தான் வருகிறது, நடு நிலை இல்லை' என்பவர்கள் பலமாக இழுக்காதீர்கள், தண்டே கையோடு வந்துவிடலாம். 6119 இயந்திரம் உள்ள பழைய சீக்கோ 5-ல் கிரவுனை இழுப்பதற்குப் பதில் உள்ளே அமுக்க வேண்டும்: பாதி அமுக்கினால் தேதி, முழுக்க அமுக்கினால் கிழமை. அதிலும் அமுக்கும் முன் சின்ன முள் காலை ஆறில் இருக்கட்டும்.